சுகர் வந்த பூனைக்கு என்ன சாப்பாடு, எவ்வளவு தண்ணீர்?

பூனைக்கு சுகர் என்று டாக்டர் சொன்ன அன்றே நம் வீடுகளில் மூன்று காரியங்கள் நடக்கும். பாலில் சர்க்கரை கலப்பதை நிறுத்துவார்கள். சாப்பாட்டைப் பாதியாகக் குறைப்பார்கள். கண்ட இடமெல்லாம் மூத்திரம் போகிறதே என்று தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து மறைத்துவிடுவார்கள். முதல் காரியத்தால் பெரிய பயன் இல்லை. மற்ற இரண்டும் பூனையின் உயிருக்கே உலை வைப்பவை.

இப்படிச் செய்கிறவர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்ல முடியாது. வீட்டில் அப்பாவுக்கோ அத்தைக்கோ சுகர் இருக்கும். அவர்களுக்குச் சொன்ன பத்தியத்தை அப்படியே பூனைக்கும் வைக்கிறார்கள். பூனையின் உடம்பு வேறு கணக்கில் ஓடுகிறது என்பதை யாரும் அவர்களுக்கு உட்கார்ந்து சொல்லியிருக்க மாட்டார்கள். மருத்துவமனையில் பத்து நிமிடத்தில் ஊசி போடக் கற்றுக்கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். சாப்பாட்டைப் பற்றிய பேச்சு "டயட் பார்த்துக்கோங்க" என்பதோடு முடிந்துவிடுகிறது. இன்சுலின் போடும் முறையை முந்தைய அத்தியாயத்தில் பார்த்துவிட்டோம். இங்கே கிண்ணத்தை மட்டும் பார்ப்போம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிண்ணத்தில் போடுவதும் ஊசியில் ஏற்றுவதும் ஒரே மருந்துச் சீட்டின் இரண்டு வரிகள். ஒன்றை நீங்களாக மாற்றினால் மற்றது தப்பாகிவிடும்.

மாவுச்சத்துக்குப் பழகாத உடம்பு

வீட்டுப் பூனையின் மூதாதை, மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வறண்ட நிலங்களில் எலியையும் சிறு பறவையையும் பிடித்துத் தின்று வாழ்ந்த காட்டுப்பூனை. எலியின் உடம்பில் மாவுச்சத்து என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. தண்ணீர், புரதம், கொழுப்பு, அவ்வளவுதான். பூனையின் உறுப்புகளும் அதற்கேற்பவே அமைந்திருக்கின்றன. மாவைச் செரிக்கும் அமிலேஸ் நொதி அதன் எச்சிலில் இல்லை. கணையத்தில் சுரப்பதும் சொற்பம். சாப்பிட்டவுடன் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைக் கல்லீரல் சட்டென்று பிடித்து வைக்க குளுக்கோகைனேஸ் என்ற நொதி வேண்டும். மனிதருக்கு அது தாராளம். பூனைக்கு மிகக் குறைவு. தனக்கு வேண்டிய குளுக்கோஸைப் பூனையின் கல்லீரல் புரதத்திலிருந்தே இரவும் பகலும் தயாரித்துக்கொள்கிறது. ஆகவே, மாவுச்சத்து இல்லாவிட்டால் சோர்ந்துபோகுமே என்று கவலைப்பட வேண்டியதில்லை.

இனிப்புச் சுவையே பூனைக்குத் தெரியாது. நாக்கில் இனிப்பை உணர வேண்டிய மரபணு அதற்குப் பழுதாகிக் கிடக்கிறது என்பதை அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள மோனெல் ஆய்வு நிலையத்தார் 2005இல் கண்டறிந்து சொன்னார்கள். பாயசக் கிண்ணத்தை நக்குகிற பூனை அதிலுள்ள பால் கொழுப்புக்காகத்தான் நக்குகிறது.

பூனைகளுக்கு வருவது பெரும்பாலும் மனிதருக்கு வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயைப் போன்றது. நடுவயது தாண்டிய, கருத்தடை செய்த, உடம்பு பெருத்து வீட்டுக்குள்ளேயே படுத்துக் கிடக்கும் ஆண் பூனைகளிடம் அதிகம் காணப்படும். தோல் அரிப்புக்கோ வாய்ப்புண்ணுக்கோ அடிக்கடி ஸ்டீராய்டு ஊசி போடப்பட்ட பூனைகளுக்கும் வரலாம். மனிதருக்கு எளிதில் வாய்க்காத ஒரு நல்ல காலம் பூனைக்கு உண்டு. இன்சுலினைச் சீக்கிரம் தொடங்கி, மாவுச்சத்து குறைந்த உணவுக்கும் மாற்றினால், கணையம் தேறி ஊசியே வேண்டாத நிலைக்குத் திரும்பும் பூனைகள் கணிசமானவை. 63 பூனைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. மாவுச்சத்தும் நார்ச்சத்தும் குறைந்த உணவைத் தின்றவற்றில் 68 சதவீதம் பதினாறு வாரத்தில் இன்சுலினை விட்டிருந்தன. மாவுச்சத்து மிதமாகவும் நார்ச்சத்து கூடுதலாகவும் இருந்த உணவைத் தின்றவற்றில் அது 41 சதவீதம்தான். நார்ச்சத்துதான் சுகருக்கு மருந்து என்ற நம் எண்ணம் பூனை விஷயத்தில் அவ்வளவாகச் செல்லுபடியாகவில்லை என்பதையும் கவனியுங்கள். அப்படி ஊசியை விட்ட பூனைக்கும் பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்தால் நோய் திரும்பி வரும்.

சோற்றுப்பானையும் ராகி டப்பாவும்

கால்நடை மருத்துவர்கள் வைத்திருக்கும் இலக்கு இது: மொத்தக் கலோரியில் மாவுச்சத்தின் பங்கு 12 சதவீதம் அல்லது அதற்கும் கீழே, புரதத்தின் பங்கு 40 சதவீதத்துக்கு மேல். நம் ஊர்ப் பூனை தின்பதை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். வடித்த சோற்றில் நூறு கிராமுக்கு சுமார் 28 கிராம் மாவுச்சத்து. மீன் குழம்புச் சோறு, தயிர்ச்சோறு, பாலில் ஊறிய பன், காலையில் ஓர் இட்லித் துண்டு, மாலையில் டீயோடு ஒரு மேரி பிஸ்கட் என்று தின்று வளர்ந்த பூனைக்குப் புரதம் வருவது பெரும்பாலும் அந்த மீன் துண்டிலிருந்துதான். பாலைப் பொறுத்தவரை, வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு லாக்டோஸ் செரிக்காது, வயிற்றுப்போக்கு வரும். அந்த லாக்டோஸும் ஒரு சர்க்கரைதான்.

அரிசிக்குப் பதில் ராகிக் கூழ், சாமைச் சோறு, ஓட்ஸ் என்று மாற்றிக்கொடுப்பவர்களைப் பார்க்கிறேன். மெதுவாகச் செரிக்கும் தானியம் அத்தைக்கு நல்லதுதான். பூனைக்கு அதுவும் மாவு, இதுவும் மாவு. வெந்தயப் பொடி, பாகற்காய்ச் சாறு, ஆவாரம்பூக் கஷாயம் எல்லாம் மனிதர்கள் தங்களுக்கு வைத்துக்கொள்ளட்டும். கசப்பை வாயில் ஊற்றினால் பூனை நுரை கக்கும். அடுத்த வேளைச் சாப்பாட்டையும் சந்தேகித்து ஒதுக்கும். சுகர் பூனை சாப்பிட மறுப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தொல்லை.

கடையில் வாங்கும் ட்ரை ஃபுட் இதைவிடப் பரவாயில்லை. ஆனாலும் சுகர் பூனைக்கு ஏற்றது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. அந்த உருண்டைகள் உதிராமல் நிற்க மாவு தேவை. தானியம் சேர்க்காதது என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தால், உள்ளே உருளைக்கிழங்கோ பட்டாணியோ மரவள்ளியோ இருக்கும். அட்டையின் முன்பக்கத்தை நம்பாமல் பின்பக்கத்தைத் திருப்பிக் கணக்குப் போட்டுவிடுங்கள். மாவுச்சத்து எவ்வளவு என்று பெரும்பாலும் அச்சிட மாட்டார்கள். நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கணக்கு சுலபம். புரதம், கொழுப்பு, நார், ஈரப்பதம், சாம்பல் என்ற ஐந்தையும் கூட்டி நூறிலிருந்து கழித்தால் மிஞ்சுவது மாவுச்சத்து. சாம்பலின் அளவு போடாவிட்டால் ட்ரை ஃபுட்டுக்கு 8, வெட் ஃபுட்டுக்கு 2 அல்லது 2.5 என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு ட்ரை ஃபுட் பாக்கெட்டில் புரதம் 32, கொழுப்பு 12, நார் 4, ஈரம் 10 என்று இருப்பதாக வைப்போம். சாம்பல் 8 சேர்த்தால் 66, மாவுச்சத்து 34. இதைக் கலோரியாக மாற்ற, புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5ஆலும் கொழுப்பை 8.5ஆலும் பெருக்குங்கள். 112, 119, 102 என்று வரும், மொத்தம் 333. அதில் மாவுச்சத்தின் பங்கு 119, அதாவது ஏறக்குறைய 36 சதவீதம். இலக்கைப்போல் மூன்று மடங்கு.

இப்போது ஒரு வெட் ஃபுட்: புரதம் 10, கொழுப்பு 4, நார் 1, ஈரம் 80, சாம்பல் 2.5. மிச்சம் 2.5. கலோரிக் கணக்கில் சுமார் 11 சதவீதம். இது ஆகும். அதே கம்பெனியின் கிரேவி பவுச்சில் புரதம் 8, கொழுப்பு 2, நார் 1, ஈரம் 83, சாம்பல் 2 என்று இருந்தால் மாவுச்சத்து 4 சதவீதம்தானே என்று தோன்றும். கலோரியாக மாற்றிப் பார்த்தால் 24 சதவீதம்! கிரேவி கெட்டியாக இருப்பதற்கு ஸ்டார்ச் கலப்பதுதான் காரணம். ஆகவே வெட் ஃபுட் என்றாலே நல்லது என்று பொத்தாம்பொதுவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கிரேவியைவிட, கூழாக இருக்கும் பேட்டே வகையில் மாவு குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். அட்டையில் இருப்பவை குறைந்தபட்ச, அதிகபட்ச அளவுகள் என்பதால் இந்தக் கணக்கு தோராயமானது. இரண்டு பாக்கெட்டுகளை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க இது போதும்.

சர்க்கரை நோய்க்கென்றே தயாரிக்கும் மருத்துவ உணவுகளும் உண்டு. விலை அதிகம். அவற்றிலும் ட்ரை வகையில் மாவு சற்றுக் கூடுதலாகவே இருக்கும். கையில் பணம் இருந்து, டாக்டர் சொல்லி, பூனையும் தின்றால் வாங்குங்கள். பூனை தின்னாத மருத்துவ உணவைவிட, அது விரும்பித் தின்னும் சாதாரண பேட்டே எவ்வளவோ மேல்.

உணவை மாற்றும் வாரம்

இதைப் படித்துவிட்டு இன்று இரவே சோற்றை நிறுத்திவிடாதீர்கள். இன்சுலின் அளவு, பூனை இப்போது தின்னும் சாப்பாட்டை வைத்துத் தீர்மானிக்கப்பட்டது. அந்தச் சாப்பாட்டில் மாவைச் சட்டென்று எடுத்துவிட்டு அதே அளவு ஊசி போட்டால் ரத்தச் சர்க்கரை பாதாளத்துக்கு இறங்கும். வலிப்பு வரும்; உயிரும் போகும். நல்ல உணவுக்கு மாற்றிய வாரத்தில்தான் இந்த விபத்து நடக்கிறது என்பது கொடுமை.

முதலில் டாக்டரிடம் "இந்தத் தேதியிலிருந்து உணவை மாற்றப்போகிறேன், ஊசி அளவை என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் குறைக்கச் சொல்வார். ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை எடுத்துக்கொண்டு, பழையதில் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று புதியதைக் கலந்து மாற்றுங்கள். அந்த நாட்களில் வீட்டிலேயே சர்க்கரை அளவைப் பார்ப்பது கட்டாயம் என்பேன். காது ஓரத்தில் ஊசிமுனையால் குத்தி ஒரு சொட்டு எடுத்தால் போதும். மனிதருக்கான குளுக்கோமீட்டர் பூனை ரத்தத்தில் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும் பழக்கமுள்ளது. எந்த மீட்டர் பயன்படுத்துகிறீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அவர் அதற்கேற்ப எண்ணைப் படித்துக்கொள்வார்.

பல வருடம் ட்ரை ஃபுட்டோ சோறோ தின்ற கிழட்டுப் பூனைக்கு ஈர உணவு பிடிக்காமல் போவது சகஜம். லேசாக வெதுவெதுப்பாக்கி வாசனை எழும்படி வையுங்கள். மேலே வறுத்த நெத்திலிப் பொடியை ஒரு சிட்டிகை தூவினால் சில பூனைகள் வழிக்கு வரும். பசித்தால் தானாகத் தின்னும் என்று மட்டும் பட்டினி போடாதீர்கள். பருமனான பூனை சில நாள் பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய்க் குவிந்து மஞ்சள் காமாலை கண்டுவிடும். சுகரைவிட வேகமாகக் கொல்லும் நோய் அது.

வீட்டில் சமைத்துப் போடுவோருக்கு

நம் ஊரில் பவுச் வாங்கிக் கட்டுப்படியாகாத வீடுகள்தான் அதிகம். கோழியோ மீனோ வேகவைத்துப் போடலாம். மாவுச்சத்துப் பிரச்சினை அடியோடு தீரும். வேறு சில பிரச்சினைகள் வரும். வெறும் சதையில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. மாதக்கணக்கில் அதையே கொடுத்தால் எலும்பு வலுவிழக்கும். டாரின் என்ற சத்து பூனைக்கு உணவிலிருந்தே வர வேண்டும். அது குறைந்தால் இதயத் தசை தொய்ந்து போகும் என்பது 1987இல்தான் தெரியவந்தது. டாரின் தண்ணீரில் கரையும்; வேகவைத்த நீரைக் கொட்டினால் அதோடு போய்விடும். ஆகவே குறைந்த நீரில் வேகவைத்து, நீரையும் சேர்த்தே கொடுங்கள். கோழி இதயம் கிடைத்தால் நல்லது. ஈரலை வாரத்துக்கு ஒருமுறை சிறு துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வைட்டமின் ஏ மிகுந்தால் எலும்பைக் கெடுக்கும். கால்சியமும் டாரினும் எவ்வளவு சேர்ப்பது என்பதை டாக்டரிடம் எடை சொல்லிக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

மத்தியும் நெத்திலியும் பச்சையாகக் கொடுக்கக் கூடாது. அவற்றிலுள்ள தயாமினேஸ் பி1 வைட்டமினை அழிக்கும். வேகவைத்தால் அந்தத் தொல்லை இல்லை. கருவாட்டில் உப்பு அதிகம். குழம்பிலிருந்து எடுத்த மீனைக் கழுவிக் கொடுப்பதும் சரியல்ல. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். சுகர் உள்ள பூனையின் சிவப்பணுக்கள் இதற்கு ஏற்கெனவே பலவீனப்பட்டவை. பூனைக்குரிய மீனைத் தாளிப்பதற்கு முன்பே தனியாக எடுத்து, உப்பில்லாமல் வேகவைத்துவிடுங்கள்.

முதிய பூனைகளில் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்தே இருப்பதுண்டு. அதற்குப் பாஸ்பரஸ் குறைந்த உணவு வேண்டும். சுகருக்குப் புரதம் கூடிய உணவு வேண்டும். இரண்டும் இழுபறி. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டைப் பார்க்காமல் இந்த அத்தியாயத்தில் உள்ள எதையும் அப்படியே பின்பற்ற வேண்டாம்.

அளவும் வேளையும்

நாலு கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்கு சுமார் 200 கலோரி என்று தொடங்கலாம். மேலே சொன்ன ட்ரை ஃபுட்டில் அது 60 கிராம். வெட் ஃபுட்டில் ஏறக்குறைய 250 கிராம். கை அளவில் போடாமல் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். குண்டுப் பூனை இளைக்கத்தான் வேண்டும். ஆனால் வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதம் என்ற வேகம் போதும். ஏற்கெனவே எலும்பும் தோலுமாக வந்த பூனைக்குக் குறைப்பதே கூடாது. சர்க்கரை கட்டுக்குள் வரும்வரை அது அகோரமாகத் தின்னும். தின்பதெல்லாம் மூத்திரத்தில் போவதால்தான் அந்தப் பசி.

இன்சுலின் பொதுவாகப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. அதையொட்டி இரண்டு பெரிய வேளை, நடுவில் வேண்டுமானால் சிறு வேளைகள். சாப்பிட ஆரம்பித்ததைக் கண்ணால் பார்த்தபின் ஊசி போடுவதே பாதுகாப்பு. சாப்பிடவில்லையென்றால் வழக்கமான அளவைப் பழக்கதோஷத்தில் போட்டுவிடாதீர்கள். முழுக்கத் தின்னாவிட்டால் எவ்வளவு, பாதி தின்றால் எவ்வளவு, வாந்தி எடுத்தால் என்ன என்று டாக்டரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கி ஃபிரிட்ஜில் ஒட்டிவையுங்கள்.

எவ்வளவு கணக்குப் போட்டாலும் பூனை மதில் தாண்டிப் போனால் எல்லாம் வீண். மாடி வீட்டுப் பாட்டி தயிர்ச்சோறு வைப்பார், எதிர்வீட்டுப் பிள்ளைகள் பிஸ்கட் போடுவார்கள். பூனையை வீட்டுக்குள் வைத்துக்கொள்வது முதல் வழி. முடியாவிட்டால், "இதுக்கு சுகர், ஊசி போட்டுக்கிட்டிருக்கோம், எதுவும் கொடுத்துடாதீங்க" என்று தெருவில் நாலு வீட்டில் நேரில் போய்ச் சொல்லுங்கள். பாட்டிக்குச் சுகர் இருந்தால் உடனே புரிந்துகொள்வார்.

தண்ணீர்

ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 250 முதல் 290 மில்லிகிராமைத் தாண்டும்போது பூனையின் சிறுநீரகத்தால் அதை முழுவதும் தடுத்து நிறுத்த முடிவதில்லை. சர்க்கரை மூத்திரத்தில் வழியும். வழிகிற சர்க்கரை தண்ணீரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். உடம்பு வறண்டு தாகம் எடுக்கும். ஆக, பூனை நிறையக் குடிப்பதால் நிறைய மூத்திரம் போகவில்லை. நிறையப் போவதால்தான் குடிக்கிறது. கிண்ணத்தை ஒளித்தால் மூத்திரம் நிற்காது. ரத்தம் கெட்டியாகி, சிறுநீரகம் நொந்து, ஒரே நாளில் பூனை சரிந்துவிடும். தண்ணீரைக் கட்டுப்படுத்தவே கூடாது. வேண்டுமானால் இன்னொரு மணல் தட்டு வாங்கி வையுங்கள்.

பூனைக்கு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 40 முதல் 60 மில்லி தண்ணீர் தேவை, சாப்பாட்டில் இருப்பதையும் சேர்த்து. நாலு கிலோ பூனைக்கு 200 மில்லி என்று வையுங்கள். 250 கிராம் ஈர உணவு தின்றால் அதிலேயே 200 மில்லி வந்துவிடும். 60 கிராம் ட்ரை ஃபுட்டில் கிடைப்பது வெறும் 6 மில்லி. வறண்ட நிலத்திலிருந்து வந்த பிராணி என்பதால் பூனைக்குத் தாக உணர்வு மந்தம். பற்றாக்குறையை முழுவதும் குடித்து ஈடுகட்டாது. மாவுச்சத்துக் கணக்கை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும், இந்த ஒரு காரணத்துக்காகவே சுகர் பூனைக்கு ஈர உணவு என்பேன். ஒவ்வொரு வேளையும் அதில் இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர் கலந்து குழைத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

தண்ணீரை அளப்பது, செலவே இல்லாமல் வீட்டில் செய்யக்கூடிய பரிசோதனை. காலையில் அளவுக் குவளையால் 500 மில்லி ஊற்றுங்கள். மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தை அளந்து பாருங்கள். நம் ஊர் வெயிலில் ஆவியாகிப் போவதும் கணிசம். அதே மாதிரி இன்னொரு கிண்ணத்தைப் பூனைக்கு எட்டாமல் பக்கத்தில் வைத்து, அதில் குறைந்ததைக் கழித்து, வந்த எண்ணை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரே நாளில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் குடித்தால் சந்தேகமே வேண்டாம், அது மிகை. ஈர உணவு தின்னும் பூனை அதில் பாதி குடித்தாலே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சிகிச்சை பிடிக்க ஆரம்பித்தால் இந்த எண் வாரத்துக்கு வாரம் இறங்கும். பல நேரம் ரத்தப் பரிசோதனைக்கு முன்பே இது செய்தி சொல்லிவிடும். இறங்கிய எண் மறுபடி ஏறினால் ஊசி மருந்து கெட்டுவிட்டதா, மூத்திரத்தில் கிருமித் தொற்றா, எதிர்வீட்டு பிஸ்கட்டா என்று தேடுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இருந்தும் தாகம் அடங்காவிட்டால் சிறுநீரகத்தையும் தைராய்டையும் பார்க்க வேண்டும்.

ஒரு விதிவிலக்கு. சர்க்கரையை மூத்திரம் வழியாக வெளியேற்றியே வேலை செய்யும் வாய்வழி மருந்துகள் பூனைக்கு வந்திருக்கின்றன. அமெரிக்காவில் பெக்ஸாக்லிஃப்ளோசினுக்கு 2022இலும் வெலாக்லிஃப்ளோசினுக்கு 2023இலும் அனுமதி கிடைத்தது. அவற்றைச் சாப்பிடும் பூனைக்குத் தாகம் குறைய வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. தண்ணீர் குறைந்தால் அந்தப் பூனைக்கு ஆபத்து அதிகம். ரத்தச் சர்க்கரை சாதாரணமாகக் காட்டும்போதே, கொழுப்பு எரிவதால் உண்டாகும் கீட்டோன் என்ற அமிலம் ஏறிவிடக்கூடும்.

குடிக்க வைக்கும் வழிகள் எல்லாப் பூனைக்கும் ஒன்றல்ல. மீசை இடிக்காத அகலக் கிண்ணம், விளிம்புவரை தண்ணீர், சாப்பாட்டுத் தட்டிலிருந்தும் மணல் தட்டிலிருந்தும் தள்ளி வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் வைப்பது என்று தொடங்குங்கள். குழாயடியில் ஓடும் நீரையே விரும்பும் பூனைக்குச் சிறு மின் ஊற்று வாங்கலாம். கோழி வேகவைத்த நீரை, வெங்காயம், உப்பு, மசாலா இல்லாமல், ஐஸ் டிரேயில் உறையவைத்து ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் போடுங்கள்; கோடையில் நன்றாக எடுபடும். சிரிஞ்சால் வாயில் பீய்ச்ச வேண்டாம்; புரையேறி நுரையீரலுக்குப் போகும். உடம்பு வறண்டிருந்தால் தோலுக்கடியில் திரவம் ஏற்ற டாக்டருக்குத் தெரியும். சோர்ந்திருக்கிறதே என்று எலெக்ட்ரால், குளுக்கோஸ் தண்ணீர், இளநீர் கொடுப்பதும் வேண்டாம். மூன்றிலும் சர்க்கரை இருக்கிறது.

ஈர உணவு வைத்தால் எறும்பு வரும். பெரிய தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் கிண்ணத்தை வைக்கும் நம் பழைய முறை போதும். எறும்புச் சாக்பீஸால் கோடு போடாதீர்கள். அதிலுள்ள பைரித்ராய்டு பூனைக்கு நஞ்சு. வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஈர உணவை வெளியே விட வேண்டாம். மணல் தட்டில் எறும்பு மொய்த்தால் அதையும் நோட்டில் குறியுங்கள். மூத்திரத்தில் சர்க்கரை போகிறது என்று பொருள்.

எப்போது ஓட வேண்டும்

பூனை தள்ளாடுகிறது, எங்கோ வெறிக்கிறது, நடுங்குகிறது, விழுகிறது என்றால் சர்க்கரை இறங்கிவிட்டது. மீட்டரைத் தேடி நேரம் கடத்த வேண்டாம். தேனையோ, குளுக்கோஸ் பொடியைச் சில சொட்டு நீரில் குழைத்தோ, ஒரு டீஸ்பூன் அளவு ஈறில் தடவுங்கள். வலிப்பில் இருக்கும்போது வாய்க்குள் ஊற்றாதீர்கள், விரலையும் பற்களுக்கு நடுவே விடாதீர்கள். தெளிந்து விழுங்க முடிந்ததும் சாப்பாடு வைத்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். தெளிந்துவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். போட்ட இன்சுலின் இன்னும் உடம்பில் வேலை செய்துகொண்டிருக்கும். தேன் பாட்டில் எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.

எதிர்த்திசை ஆபத்து மெதுவாக வரும். சாப்பாட்டை மறுப்பது, வாந்தி, ஈறு பிசுபிசுப்பது, கழுத்துத் தோலை இழுத்து விட்டால் பழைய நிலைக்குத் திரும்பத் தாமதிப்பது, வாயில் நெயில் பாலிஷ் நீக்கியைப் போன்ற வாடை. இது கீட்டோன் ஏறிய நிலை. வீட்டு வைத்தியம் எதுவும் கிடையாது. ரத்தநாளம் வழியாகத் திரவமும் இன்சுலினும் ஏற்றியாக வேண்டும். இந்த அடையாளங்கள் எதுவும் தெரியாவிட்டாலும், சுகர் பூனை 24 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் அதுவே அவசரம்தான்.

சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளும் அவற்றோடு சேர்ந்த மருத்துவமனைகளும் உள்ளன. மற்ற ஊர்க்காரர்கள் இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது, அங்கே போக எவ்வளவு நேரமாகும் என்பதை இன்றே விசாரித்து வையுங்கள். போகும்போது தண்ணீர், சாப்பாடு, ஊசி, எடை எல்லாம் எழுதிய நோட்டையும் எடுத்துப் போங்கள். புதிதாகப் பார்க்கும் டாக்டருக்கு முதலில் வேண்டியது அதுதான்.